மாறிவரும் தொல்லியல் பார்வைகள்: மாங்குளம் மலை சொல்லும் பாடம்

தொல்லியல் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கோயில், கல்வெட்டு, செப்பேடு, தங்கக்காசு. இதில் தவறு ஒன்றும் இல்லை. நெடுங்காலம் அத்துறையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. எந்த அரசன், எந்த ஆண்டு, யாரை வென்றான் என்பதே கேள்வி. இன்று அகழாய்வுக் குழிக்குள் இறங்குகிறவர்கள் கேட்பது வேறு. இந்தப் பானையில் என்ன சமைத்தார்கள்? இந்த இரும்பை எங்கே உருக்கினார்கள்? இந்த நெல் எப்போது விளைந்தது? பானையில் பெயர் கீறியவன் யார், அவனுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது யார்?

அடியேன் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் பயின்றவன் அல்லன். பாத்திர வியாபாரி. தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்ததால் மதுரையைச் சுற்றியுள்ள மலைகளின் கற்படுக்கைகள்மீது இளமையிலிருந்தே ஈடுபாடு. கடையை மூடிய பிறகு இரவில் படித்ததும், விடுமுறைகளில் மலையேறிப் பார்த்ததும்தான் என் படிப்பு. இந்தத் துறையின் நோக்கு எப்படி மாறி வந்திருக்கிறது என்பதை, ஒரு மலையை நடுவில் வைத்து, நம் சங்க மலர் வாசகர்களுக்குச் சொல்ல முயல்கிறேன்.

ஒரு மலை, நான்கு கேள்விகள்

மதுரைக்கு வடகிழக்கே மேலூர்ப் பகுதியில் மாங்குளம் என்ற ஊர். பக்கத்தில் மீனாட்சிபுரம். அங்குள்ள மலைக்கு ஓவாமலை என்றும் கழுகுமலை என்றும் பெயர். மேலே இயற்கையான குகைத்தளங்கள், துறவிகள் படுக்க வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள், பாறை நெற்றியில் ஆறு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள். ஊர்க்காரர்கள் இப்படிப்பட்ட இடங்களைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். வனவாசத்தில் பாண்டவர்கள் வந்து படுக்காத மலையே நம் நாட்டில் இல்லை!

1882இல் இராபர்ட் சீவல் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தக் கல்வெட்டுகளைப் பதிவு செய்தார். அப்போது கேள்வி, இது என்ன எழுத்து என்பது மட்டுமே. எழுத்து பிராமி என்று தெரிந்த பின்பும், மொழி பிராகிருதமாகத்தான் இருக்கும் என்றே பலர் நினைத்தார்கள். 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர், ற, ழ, ள, ன போன்ற தமிழுக்குரிய எழுத்துகள் இவற்றில் உள்ளன, ஆகவே மொழி தமிழ் என்று நிறுவினார். இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தது.

மூன்றாவது கேள்வி, யார் காலம்? 1960களில் ஐராவதம் மகாதேவன் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரை இங்கே தெளிவாகப் படித்துக் காட்டினார். சங்க நூல்களில் மட்டும் அறிந்திருந்த ஒரு பெயர் பாறையில் இருக்கிறது என்றதும் தமிழறிஞர்கள் மகிழ்ந்தார்கள். தம் வாழ்நாள் உழைப்பையெல்லாம் திரட்டி 2003இல் அவர் வெளியிட்ட பெருநூலில் இக்கல்வெட்டுகளுக்குக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்று காலம் குறித்தார். 2018இல் அவர் மறைந்தார். அவருடைய நூல் இல்லாமல் இன்றும் யாரும் இந்தத் துறையில் ஓர் அடி வைக்க முடியாது.

நான்காவது கேள்வி பிந்தித்தான் வந்தது. இங்கே வாழ்ந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? 2007இல் தமிழ்நாடு தொல்லியல் துறை மலைமேல் அகழ்ந்தபோது செங்கல் கட்டடம் ஒன்றின் அடிப்பகுதியும், கூரை ஓடுகளும், பானை ஓடுகளும் வெளிப்பட்டன. துறவிகள் கூடி வழிபட்ட மண்டபமாக இருக்கலாம் என்றார்கள். அதுவரை குகையின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்த கண்கள் அப்போதுதான் தரையைப் பார்த்தன. கல்வெட்டு கண்டதற்கும் மண்ணைத் தோண்டியதற்கும் இடையே 125 ஆண்டுகள்!

அடிக்குறிப்பில் கிடந்த வணிகர்கள்

மாங்குளம் கல்வெட்டுகளில் பள்ளியைப் பெறுபவர் கணி நந்தாசிரியன் என்ற துறவி. கொடுப்பவர்களில் நெடுஞ்செழியனின் அதிகாரி ஒருவர், உறவினர் ஒருவர். இவர்களைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆனால் அதே பாறையில் வெள்ளறை நிகமத்தோர் என்றொரு கூட்டமும் இருக்கிறது. நிகமம் என்றால் வணிகர் குழு. இன்றைய பேச்சில் வியாபாரிகள் சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளறை என்பது பக்கத்திலுள்ள வெள்ளரிப்பட்டி என்று கருதப்படுகிறது. அந்த நிகமத்தின் காவிதி ஒருவரும் தனியே கொடை தந்திருக்கிறார். அவர் முத்து மேற்பார்வை செய்தவர் என்பது மகாதேவனின் கருத்து.

அழகர்மலைக்குப் போனால் இன்னும் வியப்பு. உப்பு வணிகன், கொழு வணிகன், பாணித வணிகன், அறுவை வணிகன் என்று வரிசையாக எழுதியிருக்கிறது. கொழு என்பது ஏர்க்கொழு, அதாவது இரும்புச் சாமான் வியாபாரம். பாணிதம் பாகு, சர்க்கரை வகை. அறுவை துணி. கரூர் அருகே புகழூர் ஆறுநாட்டார் மலையில் கருவூர்ப் பொன்வணிகன் ஒருவன் அதிட்டானம் செய்து தந்திருக்கிறான். படிக்கும்போது மதுரைக் கடைத்தெருவில் நடப்பது போலவே இருக்கும். தங்களுக்குள் சேர்ந்து, ஆளுக்கு ஒரு படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

அரசனைத் தேடும் கண்ணுக்கு இவர்கள் அடிக்குறிப்பு. எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்கும் கண்ணுக்கு இவர்களே தலைப்பு. உப்பு எந்தக் கடற்கரையிலிருந்து வந்தது, துணி எங்கே நெய்யப்பட்டது, பொருள் ஏற்றிய வண்டிகள் எந்தக் கணவாய் வழியாகப் போயின, வழியிலிருக்கும் மலையில் துறவிகள் ஏன் தங்கினார்கள்? கல்வெட்டு ஒரு பெயரைத் தருகிறது. மற்ற விடைகள் மண்ணில் இருக்கின்றன.

மதுராவில் நடந்தது

மண்ணைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. உத்தரப் பிரதேசத்தில் மதுரா நகருக்கு வெளியே கங்காளி திலா என்ற மேடு. குஷாணர் காலத்தில் அங்கே பெரிய சமண ஸ்தூபி இருந்தது. 1888 முதல் 1891 வரை ஃபியூரர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டினார். நூற்றுக்கணக்கான சிற்பங்கள் வண்டி வண்டியாக லக்னோவுக்குப் போயின. எந்தச் சிலை எந்த ஆழத்தில், எந்தச் சுவரின் ஓரத்தில், எதன் பக்கத்தில் கிடைத்தது என்ற குறிப்பு ஏறக்குறைய இல்லை. அவருடைய போலிக் கண்டுபிடிப்புகள் வெளிப்பட்டு 1898இல் அவர் பதவி விலக நேர்ந்தது. 1901இல் வின்சென்ட் ஸ்மித் அந்தப் படங்களைத் தொகுத்துப் புத்தகம் போட்டார். படங்கள் இருந்தன, கதை இல்லை.

அங்கே கிடைத்த சரசுவதி சிலை இந்தியாவின் மிகப் பழைய சரசுவதி வடிவங்களுள் ஒன்று. இப்போது லக்னோ அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலை இல்லை. பீடத்தில் உள்ள எழுத்தின்படி, அதைச் செய்து வைத்தவர் ஒரு கொல்லர். மதுராவிலும் கொடையாளர் பட்டியல் நம் அழகர்மலை போலத்தான். வாசனைப் பொருள் விற்றவர், இரும்பு வேலை செய்தவர், வணிகச் சாத்துத் தலைவர், அவர்கள் வீட்டுப் பெண்கள். ஆனால் அந்தக் கொல்லர் பட்டறை எங்கே இருந்தது, ஸ்தூபிக்கு வந்தவர்கள் எங்கே தங்கினார்கள் என்று கேட்டால் இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. தோண்டிய மண்ணைத் திரும்பக் கொட்டி மறுபடி தோண்ட முடியாது அல்லவா? வியாபாரத்தில், சரக்கு கைக்கு வந்து பில் தொலைந்துவிட்டால் அதற்குக் கணக்கு இல்லை. அதுதான் கங்காளி திலா.

ஓட்டுச் சில்லு பேசத் தொடங்கியது

இந்தப் போக்கை மாற்றியவர்களில் மார்ட்டிமர் வீலர் முக்கியமானவர். 1944 முதல் 1948 வரை இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர். 1945இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் அடுக்கு அடுக்காக மண்ணைப் பிரித்து அகழ்ந்தார். எந்த அடுக்கில் எந்த ஓடு என்று குறித்தார். இத்தாலியில் செய்த சிவப்புக் கிண்ண ஓடுகளுக்கு அங்கே காலம் தெரியும். அதை வைத்து அரிக்கமேட்டு அடுக்குக்குக் காலம் சொன்னார். உடைந்த ஓடு நாட்காட்டி ஆகிவிட்டது.

எங்கள் தொழிலில் பழைய பித்தளைப் பாத்திரம் உடைந்து வந்தாலும் விளிம்பையும் அடியையும் பார்த்தால் போதும். எந்த அளவு, எந்த ஊர் வார்ப்பு, சோறாக்கவா தண்ணீர் வைக்கவா என்று சொல்லிவிடலாம். மட்கலத்துக்கும் அதே கணக்குத்தான்.

ஆனால் வீலர் கேட்ட கேள்வி, ரோமானியர் எப்போது வந்தார்கள் என்பது. அவருக்குப் பின் வந்தவர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள். விமலா பெக்லி 1980களில், ரோமானியப் பாணி என்று கருதப்பட்ட சக்கர வரிக் கோலமிட்ட மெல்லிய கலங்கள் இந்தியாவிலேயே வனைந்தவை என்று எடுத்துக்காட்டினார். 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டில் மறுபடியும் அகழ்ந்தார்கள். ரோமானியர் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது. அதற்குள் எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலும் தோண்டத் தொடங்கியிருந்தார்கள். குசேர் அல் கதீமிலும் பெரனிகேயிலும் தமிழ்ப் பிராமியில் பெயர் எழுதிய ஓடுகள் கிடைத்தன. பெரனிகே கோயில் ஒன்றில் இந்தியப் பெருஞ்சாடி ஒன்று, உள்ளே ஏழரைக் கிலோ மிளகு! அவர்கள் வந்தார்கள் என்பது பழைய செய்தி. நம்மவர் போனார்கள் என்பது புதிய செய்தி.

உழவர் வாழ்வின் மீதும் கவனம் திரும்பியது. புனே மாவட்டத்தில் கோட் ஆற்றங்கரையில் இனாம்காவ் என்ற சிற்றூர். 1968 முதல் 1983 வரை புனே டெக்கான் கல்லூரியினர் அங்கே அகழ்ந்தார்கள். அரண்மனையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட குடிசைகள், வாற்கோதுமை, பருப்பு, எலும்பு, தாழிக்குள் வைத்துப் புதைத்த குழந்தைகள். மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு தக்காணக் கிராமம் எப்படிப் பிழைத்தது, மழை குறைந்தபோது எப்படித் தடுமாறியது என்பதை அந்தத் தானியங்களும் எலும்புகளும் சொல்லின.

தமிழகத்தில் அதற்கு ஈடாக நான் சொல்வது கொடுமணல். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரை. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தார்கள். பிறகு கா. ராஜனும் அவர் மாணவர்களும் தொடர்ந்தார்கள். இரும்பு உருக்கிய உலை, மணிக்கல் அறுத்த பட்டறை, பாதியில் துளையிட்டு விட்ட மணிகள், குஜராத்திலிருந்து வந்த சூதுபவளக் கல். ஓடுகளில் நூற்றுக்கணக்கான பெயர்கள். அவற்றுள் ஓர் ஓட்டில் நிகம என்ற சொல். மாங்குளம் பாறையில் தனியே நின்ற சொல்லுக்குக் கொடுமணல் மண்ணில் ஒரு துணை கிடைத்தது. இதுதான் புதிய தொல்லியலின் பலம். பாறையும் ஓடும் ஒன்றுக்கொன்று சாட்சி.

ஓட்டில் பெயர் கீறும் பழக்கம் நமக்கு அந்நியமானது அல்ல. கல்யாணச் சீர் பாத்திரம் வாங்குகிறவர்கள் இன்றைக்கும் பெண்ணின் பெயரையும் தேதியையும் பொறித்துத் தரச் சொல்வார்கள். கீழடியிலும் கொடுமணலிலும் பெரும்பாலான எழுத்து, பானையைச் சுட்ட பிறகு கீறியது. கையெழுத்தும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆகவே குயவர் எழுதியது அல்ல, வாங்கியவர்கள் எழுதியது என்கிறார்கள். அரசாணை இல்லாமல், புலவர் இல்லாமல், சொந்தப் பானைக்குச் சொந்தக் கையால் பெயர் எழுதிய ஜனங்கள்!

நெல்மணியும் நாள் கணக்கும்

காலம் கணிக்கும் முறையும் மாறிவிட்டது. உயிருள்ள எதிலும் கார்பன் 14 என்ற அணு கொஞ்சம் இருக்கும். உயிர் போனபின் அது சீராகக் குறைந்து 5,730 ஆண்டில் பாதியாகும். முன்பு இந்தச் சோதனைக்குக் கைப்பிடிக் கரி வேண்டும். இப்போது முடுக்கி முறையில் ஒரு நெல்மணி போதும்.

பழனி அருகே பொருந்தலில் ராஜன் குழுவினர் 2009-10இல் அகழ்ந்த ஈமக்குழியில், நான்கு கால் சாடி ஒன்றில் சுமார் இரண்டு கிலோ நெல் இருந்தது. அதே குழியில் பிராமி எழுத்துள்ள கலமும் இருந்தது. நெல்லைச் சோதித்தால் கி.மு. 490 என்று வந்தது. தமிழ்ப் பிராமி அசோகனுக்குப் பின் வந்தது என்ற பழைய கருத்து ஆட்டம் கண்டது. 2019இல் வெளியான கீழடி அறிக்கையில், 353 செ.மீ. ஆழத்துக் கரிமாதிரி ஒன்று கி.மு. 580 என்று காட்டியது. இவற்றை ஏற்போரும், இன்னும் சான்று வேண்டும் என்போரும் உண்டு. அப்படி இருப்பதுதான் ஆராய்ச்சி.

நெல்லுக்கும் கரிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நெல் ஒரு வருஷப் பயிர். விளைந்த ஆண்டையே காட்டும். கரி மரத்திலிருந்து வருவது. இருநூறு வருஷ மரத்தின் நடுக்கட்டையை ஒருவன் நேற்று எரித்திருந்தாலும், கரி இருநூறு வருஷம் முந்திய தேதியைச் சொல்லக்கூடும். அதனால்தான் ஒரே இடத்தில் பல மாதிரிகள், பல முறைகள், பல ஆய்வகங்கள் என்று கேட்கிறார்கள்.

பானையில் ஊறிய கொழுப்பையும் இப்போது படிக்கிறார்கள். 2021இல் வந்த ஓர் ஆய்வு, வடமேற்கு இந்தியாவின் சிந்துவெளிக் காலப் பானைகளில் பன்றி, மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் கொழுப்பு அதிகம் என்று காட்டியது. அடியேன் பிறவியிலிருந்தே புலால் உண்ணாதவன். அதற்காகப் பானை எனக்கு இசைவாகப் பேச வேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா? நமக்குப் பிடித்த பதிலைத்தான் மண் சொல்ல வேண்டும் என்று விதி இல்லை.

எவ்வளவு பழசு என்ற போட்டி

இங்கே ஒரு கவலையைச் சொல்ல வேண்டும். அரசனைத் தேடிய காலம் போய், மக்களைத் தேடும் காலம் வந்தது என்று சொன்னேன். ஆனால் பத்திரிகைத் தலைப்புகளைப் பார்த்தால் பழைய ஆசையே வேறு உடையில் திரும்பி வருகிறது. எவ்வளவு பழசு? யார் முதலில்? வடக்கா, தெற்கா?

2019இல் ராக்கிகடியில் ஒரு பெண்ணின் எலும்பிலிருந்து மரபணு எடுத்து வெளியிட்டார்கள். ஒரே ஓர் உடல். அதை வைத்து எத்தனை சண்டை! தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு தாழியின் நெல்லுக்குக் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில், அதே ஊரின் வேறு தாழிக் கரிக்குக் கி.மு. 3345 என்று அறிவித்து, இரும்பின் தொன்மை 5,300 ஆண்டு என்றார்கள். தாழிகள் வேறு என்பதால் இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். தமிழன் என்ற முறையில் எனக்கும் பெருமைதான். ஆனால் வெளிமாநிலத்தில் இருக்கும் நாம், பக்கத்து வீட்டுக்காரரிடம் வெறும் தேதியை வைத்து மார்தட்டுவதில் என்ன லாபம்? அந்த இரும்பை உருக்கியவன் எங்கே இருந்தான், தாதுக்கல் எங்கிருந்து வந்தது, உலையின் சூட்டை எப்படி ஏற்றினான் என்பது தெரிந்தால் அது நம் அறிவுக்குச் சேரும் சொத்து.

சமணர்களான எங்களுக்கும் இதே சோதனை உண்டு. கற்படுக்கைகள் எல்லாம் எங்களுடையவையே என்று சொல்லத்தான் மனம் விரும்புகிறது. மகாதேவன் போன்றோர் பெரும்பாலானவை சமணப் பள்ளிகள் என்றே கொண்டார்கள். ஆசீவகருடையவை என்று வாதிடும் அறிஞர்களும் இருக்கிறார்கள். தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்கள் பலவும் எட்டாம் நூற்றாண்டுக்கும் பிறகு வந்தவை. குகையின் முதற்காலக் குடியிருப்பாளர் யார் என்பதற்கு அவை நேர்ச் சான்று ஆகா. விடை வர வேண்டுமானால் குகை வாசலின் மண், அதன் கரி, அதன் ஓடு பேச வேண்டும். அதற்கு முதலில் மலை இருக்க வேண்டும்.

மலை இருந்தால்தான் கேள்வி இருக்கும்

மதுரை மாவட்டத்தில் கிரானைட் குவாரிகள் பல மலைகளைத் தின்றுவிட்டன. 2012இல் அதன் முறைகேடுகள் வெளிவந்து நாடே பேசியது. மாங்குளம் மலையை ஒட்டியது அரிட்டாபட்டி. அங்கே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, தீர்த்தங்கரர் சிற்பம், வட்டெழுத்து, பாண்டியர் காலச் சிவன் குடைவரை எல்லாம் ஒரே ஊரில். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் நிலத்தை உயிர்ப்பன்மை மரபுத் தலம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது.

இரண்டு வருஷம் ஆகவில்லை. 2024 நவம்பரில் அந்த வட்டாரத்தில் சுமார் 2,000 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது. மேலூர் வட்டார மக்கள் ஊர் ஊராக எதிர்த்தார்கள். சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7 அன்று விவசாயிகள் மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

இதில் கவனிக்க வேண்டியது, மலையைக் காத்தவர்களில் பெரும்பாலோர் சமணர் அல்லர். கல்வெட்டைப் படிக்கத் தெரிந்தவர்களும் அல்லர். தங்கள் கண்மாய்க்கு அந்த மலையிலிருந்து தண்ணீர் வருகிறது என்று தெரிந்த உழவர்கள். வெள்ளறை நிகமத்தோர் எழுதி வைத்ததை, இரண்டாயிரம் வருஷம் கழித்து அதே வட்டாரத்து விவசாயிகள் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மக்களின் வாழ்க்கையைத் தேடும் தொல்லியல், அங்கே இப்போது வாழும் மக்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

நாம் செய்யக்கூடியது என்ன? ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை மீனாட்சியம்மன் கோயிலுக்கும் கீழடி அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப் போகிறோம். ஒரு காலைப்பொழுது மாங்குளமோ அழகர்மலையோ ஏறிக் காட்டலாம். கற்படுக்கையில் பெயர் கிறுக்கக் கூடாது, கிடக்கும் ஓட்டை நினைவுக்கு என்று பையில் போடக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கலாம். எடுத்த ஓடு வீட்டில் அலங்காரம், இடத்தில் கிடந்தால் சாட்சி. இங்கே இருக்கும்போதும் குறைவில்லை. லக்னோவில் இருப்பவர்கள் அந்தத் தலையில்லாத சரசுவதியைப் போய்ப் பார்க்கட்டும். புனே அன்பர்கள் டெக்கான் கல்லூரியில் இனாம்காவைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பிள்ளைகள் இது எந்த ராஜா காலம் என்று கேட்டால் சொல்லிவிட்டு, இதைச் செய்தவன் யார், விற்றவன் யார், இதில் என்ன வைத்திருந்தார்கள் என்று நாம் ஒரு கேள்வி திருப்பிக் கேட்போம்.